நாலாவது பாரா

அதெல்லாம் வேண்டாம் வக்கீலம்மா. தமிழ்ல படிச்சுச் சொல்லணும்னு இல்ல. குடுங்க இப்படி, நானே படிச்சுக்கிறேன். சீனிராஜ் வீட்டுக்கு வந்து இங்கிலீஷ் காகிதத்த இன்னொருத்தர் படிச்சுச் சொல்லிட்டுப் போனாங்கன்னு தெருவுல தெரிஞ்சா, நாளைக்கு நான் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

மூணு பக்கம். நல்லா டைப் அடிச்சிருக்காங்க. நாலாவது பாராதான் முக்கியம்னு வாசல்லயே சொல்லிட்டீங்க. 'எனக்கு இங்கிலீஷ் பேசினா புரியாது, புரிஞ்சவன் மாதிரி காட்டிக்கிட்டேன்.' அதானே அது? அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணும். நாளைக்குக் காலைல திருநெல்வேலி லேபர் கோர்ட்டுல கூண்டுல ஏறி, ஆமா அது என் கையெழுத்துதான்னு சொல்லணும். சொன்னா மில்லுல நடந்த என்கொயரியே செல்லாதுன்னு ஆகும், சுப்புத்தாய்க்கு வேலை திரும்பக் கிடைக்க வழி பிறக்கும். சொல்லலைன்னா ஆறு வருசக் கேஸ் நாளையோட முடிஞ்சுது. சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?

மணி பாக்காதீங்க. நோட்டரி அஞ்சரைக்குத்தான் பூட்டுவாரு. இப்ப மூணேமுக்கால் ஆகுது. காப்பியக் குடிங்க முதல்ல.

சுப்புத்தாய் ஏன் வெளியவே நிக்கா? உள்ள வரச் சொல்ல வேண்டியதுதான? கரண்டு கம்பத்துக்குப் பக்கத்துல அந்த வெயில்ல நின்னுக்கிட்டு. வரமாட்டா. எனக்குத் தெரியும். ஆறு வருசமா எங்க வீட்டுப் படி மிதிக்கல அவ. எதுத்தாப்புல வந்தா அந்தப் பக்கம் போயிருவா. ஒரு வார்த்தை ஏசியிருந்தாக்கூட மனசு ஆறிப்போயிருக்கும். ஏசவும் மாட்டா.

நான் கேக்குறேன், நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. கோர்ட்டுல பொய் சத்தியம் பண்ணலாமா? எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நான் எழுதிக் குடுத்தா அது பொய்யா இல்லையா? இந்த ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க. 'பார்லிமெண்ட்டு சீனிராஜ்'னு கேளுங்க. மில்லுல ஃபிட்டரா இருந்த சீனிராஜ்னு கேட்டா யாருக்கும் தெரியாது.

நான் எட்டாங்கிளாஸ்தான். அத மறைக்கல. ஆனா இங்கிலீஷ் நான் படிச்ச பள்ளிக்கூடத்துல எந்தக் கலெக்டரும் படிச்சிருக்க மாட்டாரு. எங்க படிச்சேன் தெரியுமா? பொதுக்கூட்டத்துல. டெல்லியில இருந்து தலைவருங்க வருவாங்கள்ல? அவங்க மேடையில ஒரு வரி இங்கிலீஷ்ல பேசுவாங்க. பக்கத்து மைக்குல நம்மாளு ஒருத்தர் அதத் தமிழ்ல சொல்லுவாரு. மறுபடி அவரு ஒரு வரி, இவரு ஒரு வரி. இதவிட வேற வாத்தியார் வேணுமா? நான் மேடைப் பக்கம் போகமாட்டேன். குழாய் ஸ்பீக்கர் கட்டின கம்பத்துக்கு அடியில போய் உக்காந்துருவேன். கையில லாங் சைஸ் நோட்டு. இடதுபக்கம் அவரு சொன்னது, வலதுபக்கம் இவரு சொன்னது. எந்தக் கட்சின்னு எல்லாம் பாக்கமாட்டேன். எனக்கு வேண்டியது வார்த்தை.

ஒரு தடவ சாத்தூர்ல ஒரு கூட்டத்துல நாலு பேரு வந்து என் சட்டையப் பிடிச்சுட்டாங்க. கியூ பிராஞ்சு போலீஸ்னு நெனச்சுட்டாங்க. நோட்டப் பிடுங்கிப் பாத்தா, சாக்ரிஃபைஸ், தியாகம். யூனிட்டி, ஒற்றுமை. கண்டோலன்ஸ், அனுதாபம். அவங்களுக்கே வெக்கமாப் போச்சு. டீ வாங்கிக் குடுத்து, முன்வரிசையில கொண்டுபோய் உக்கார வச்சாங்க. நான்தான் மறுபடி எந்திரிச்சுக் கம்பத்துக்கே வந்தேன். அங்கதான் வார்த்தை தெளிவாக் கேக்கும்.

சில மொழிபெயர்ப்பாளருங்க இருக்காங்க, தலைவரு அஞ்சு வார்த்தை சொன்னா இவங்க ஒரு பீடி முடியிற வரைக்கும் பேசுவாங்க. அதுல எதுக்கு எது அர்த்தம்னு நான்தான் பிரிச்சு எடுக்கணும். நான் ஒரு வழி வச்சிருந்தேன். கூட்டம் கை தட்டுச்சுன்னா அந்த வார்த்தைக்குப் பக்கத்துல ஒரு கோடு போடுவேன். நல்லாத் தட்டுச்சுன்னா ரெண்டு. நாலு கோடு வாங்கின வார்த்தை என் மூணு நோட்டுலயும் சேத்து ஒண்ணே ஒண்ணுதான். டிப்ளோர். 'வன்மையாகக் கண்டிக்கிறேன்.' அவரு மேசையத் தட்டிச் சொன்னதும், இவரு தமிழ்ல சொல்றதுக்கு முன்னாலயே சனம் கை தட்டிருச்சு. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு எனக்கு.

அப்புறம் மில்லுல யாரு ரிட்டயர் ஆனாலும் நான்தான் பேசணும். 'ஐ ரைஸ் டு அசோசியேட் மைசெல்ஃப் வித் தி செண்டிமெண்ட்ஸ்'னு ஆரம்பிச்சா கேண்டீன்ல கரண்டி கூட அசையாது. மேனேஜரே ஒருநாள் தோள்ல கை போட்டு, "எங்கய்யா படிச்ச இதெல்லாம்?"னு கேட்டாரு. சுப்புத்தாய் அன்னைக்கு முன்னால நின்னுக்கிட்டிருந்தா. அவதான் மொதல்ல கை தட்டினது.

பாத்தீங்களா, இன்னும் அங்கயேதான் நிக்கா. முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கிட்டா. தீப்பெட்டி ஆபீசுல இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்திருப்பா. இருபத்தோரு வருசம் மில்லுல நூல் நூக்குற ரிங் ஃப்ரேம்ல நின்னவ, இப்ப குச்சி அடுக்கிக்கிட்டு இருக்கா.

அந்த நாளச் சொல்றேன் கேளுங்க. இது உங்க காகிதத்துல இருக்கான்னு தெரியல. இருக்காது. உங்க சீனியர் மூணு தடவ ஆள் விட்டாரு, மூணு தடவையும் நான் வீட்டுல இல்லன்னு சொல்லச் சொல்லிட்டேன்.

பங்குனிப் பொங்கல் முடிஞ்சு நாலு நாள் இருக்கும். போனஸ் பிரச்சினை ஓடிக்கிட்டிருந்த நேரம். காலை ஷிப்ட்டு. மகேசுன்னு ஒரு பிள்ளை, வேலைக்குச் சேந்து ஒன்பது நாள். ஓவர்கோட்டு இன்னும் குடுக்கல. தாவணி போய் ஷாஃப்டுல சுத்திக்கிச்சு. சுப்புத்தாய் ஓடிப்போய் மெயின் சுவிட்ச இறக்கிட்டா. பன்னண்டு ஃப்ரேமும் நின்னுபோச்சு. இறக்கிட்டுத் திரும்ப ஓடியாந்து அந்தப் பிள்ளை இடுப்ப ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. கத்தியெடுத்துத் தாவணிய அறுத்தது நான். நான் அங்கதான் இருந்தேன், ஒரு முழம் தள்ளி. சூப்பர்வைசர் அந்தக் கடைசியில இருந்து ஓடியாந்தாரு, பஞ்சுக் கழிவுல கால் வழுக்கி ஃப்ரேம் மூலையில நெத்திய இடிச்சுக்கிட்டாரு. ரத்தம்.

மறுநாள் அந்தப் பிள்ளைய ஊருக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கு மறுநாள் சுப்புத்தாய் கையில சார்ஜ்ஷீட்டு. ஸ்டிரைக்க மூட்டிவிட மிஷின நிறுத்தினா, கேட்ட சூப்பர்வைசர் மேல நூல் சுத்துற பாபின எறிஞ்சு மண்டைய உடைச்சான்னு.

எறியவே இல்ல வக்கீலம்மா. ரெண்டு கையும் அந்தப் பிள்ளை இடுப்புல இருந்துச்சு.

எழுதுறீங்களா? எழுதிக்கோங்க.

என்கொயரியில வெளி வக்கீல் வரக்கூடாது, கூட வேலை பாக்குற ஆள் ஒருத்தர் பேசலாம்னு சொன்னாங்க. யூனியன் செக்ரட்டரிய அப்பத்தான் சஸ்பெண்டு பண்ணியிருந்தாங்க. சுப்புத்தாய் இந்த வீட்டுக்குத்தான் வந்தா. நீங்க உக்காந்திருக்கிற அதே நாற்காலி. "அண்ணே, நீங்க பாத்தத நீங்களே சொல்லிருங்க. அது போதும்"னு சொன்னா. நான் சொன்னேன், "நீ கவலைப்படாத தாயி, நான் பேசுற பேச்சுல அவன் எந்திரிச்சு நிப்பான்."

நாலு நாள் நோட்டப் புரட்டிக்கிட்டே இருந்தேன். எங்க வீட்டம்மா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுக் குடுத்தா.

ஏசி ரூம். என்கொயரி ஆபீசர் மதுரைக்காரரு, வயசானவரு, ரிட்டயர்டு வக்கீலாம். பக்கத்துல டைப் அடிக்கிற பொண்ணு. எதுத்தாப்புல நெத்தியில பிளாஸ்திரியோட சூப்பர்வைசர். ஆபீசர் நல்ல மனுசன்தான், நான் தப்புச் சொல்லமாட்டேன். உக்காந்ததும் கேட்டாரு, "என்னப்பா, தமிழ்லயே நடத்திருவோமா?"

ஆமா. கேட்டாரு.

உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அந்த என்கொயரிக் காகிதத்துல முதல் பக்கத்துலயே டைப் அடிச்சிருக்கும்ல. என் வாயாலதான் சொன்னேன், 'இங்கிலீஷ் ப்ளீஸ்'. சுப்புத்தாய் என் சட்டைக் கைய இழுத்தா. "அண்ணே, தமிழ்லயே பேசுவமே, எனக்கும் விளங்கும்"னா. நான், "சும்மா இருத்தா"ன்னு கையத் தட்டிவிட்டேன். மேனேஜ்மெண்டு முன்னால நம்மள யாரும் குறைச்சு எடை போட்டுறக் கூடாதுன்னுதான். எனக்காகவா? அவளுக்காகத்தான். அப்படித்தான் அன்னைக்கு நெனச்சேன்.

எந்திரிச்சேன். ஆபீசர் உக்காந்தே பேசலாம்னாரு, நான் உக்காரல. 'மிஸ்டர் சேர்மன் சார், அட் தி அவுட்செட், ஐ டிப்ளோர் திஸ் டாஸ்டர்ட்லி ஆக்ட் ஆஃப் வயலென்ஸ்.' டாஸ்டர்ட்லின்னா கோழைத்தனமான. ரெண்டு கோடு வாங்கின வார்த்தை.

என்ன அப்படிப் பாக்குறீங்க? எல்லாத் தலைவரும் அப்படித்தானம்மா ஆரம்பிப்பாங்க? எங்க கலவரம் நடந்தாலும் சரி, தன் ஆளே பண்ணியிருந்தாலும் சரி, பண்ணலைன்னாலும் சரி. முதல் வரி கண்டனம். கண்டிச்சுட்டுத்தான் காப்பாத்துவாங்க. ரெண்டாவது வரியில இருந்துதான் நம்மாளுக்குப் பரிஞ்சு பேசுவாங்க. நான் கேட்ட இருபது வருசக் கூட்டத்துல ஒரு கூட்டத்துலகூட இது மாறினதில்ல. கண்டிக்காம ஆரம்பிச்சா அது பேச்சா?

ஆபீசர் தலையத் தூக்கிப் பாத்தாரு. கண்ணாடியக் கழட்டினாரு. அந்த வரிய இன்னொரு தடவ மெதுவாச் சொல்லச் சொன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும் நெனச்சுப் பாருங்க! ஒன்ஸ்மோர் கேக்குறாருன்னு நெனச்சேன். நிறுத்தி நிதானமாச் சொன்னேன். டைப் பொண்ணு ஒரு எழுத்து விடாம அடிச்சுச்சு. சூப்பர்வைசர் குனிஞ்சு மேசையப் பாத்துக்கிட்டிருந்தாரு. வெக்கப்படுறாருன்னு நெனச்சேன். சிரிச்சிருக்காரு.

கை தட்டல்தான் வரல. அதுதான் ஒரு மாதிரியா இருந்துச்சு. நான் பேசிக்கிட்டே போறேன், டெமாக்ரசிங்கிறேன், டிக்னிட்டி ஆஃப் லேபர்ங்கிறேன், ஒரு சத்தமும் இல்ல. ஏசி சத்தம், டைப்ரைட்டர் சத்தம். கொஞ்ச நேரத்துல டைப்ரைட்டரும் நின்னுபோச்சு. நான் பேசுறத அடிக்க வேண்டியதில்லன்னு ஆபீசர் கையக் காட்டிட்டாரு. எனக்குச் சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு.

நான் முடிச்சதும் அவரு ஒரு கேள்வி கேட்டாரு. இங்கிலீஷ்ல. நான்தான இங்கிலீஷ்ல நடத்துங்கன்னேன்? சின்னக் கேள்வி.

காப்பி ஆறிப்போச்சு உங்களுக்கு. வேற போடச் சொல்லவா?

சரி, சொல்றேன். எனக்குப் புரியல.

எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைம்மா. பாபின்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு. 'ஹேண்ட்'னு ஒண்ணு. நடுவுல இருக்கிறது எல்லாம் கடகடன்னு ஓடிருச்சு. மேடையில யாரும் அந்த மாதிரி பேசமாட்டாங்க. மேடையில கைன்னா கைகளப் பலப்படுத்துறது. இவரு கேட்டது நெசக் கை. அவ கைய. பாபின் அவ கையில இருந்து போனத நீ பாத்தியான்னு கேட்டிருக்காரு. பின்னால தெரிஞ்சுது. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். ரெண்டு கையும் அந்தப் பிள்ளை இடுப்புல இருந்துச்சுன்னு சொல்லியிருக்கணும். இடுப்புக்கு என்ன வார்த்தை? தாவணி சுத்திக்கிச்சுன்னா என்ன? இறுக்கிப் பிடிச்சான்னா என்ன? மூணு நோட்டுல ஒண்ணுலயும் இல்ல. இருபது வருசத்துல எந்தத் தலைவரும் அதச் சொல்லல.

தமிழ்ல சொல்லியிருக்கலாம்தான். தமிழ்ல சொன்னா, அப்ப இவனுக்குத் தெரியலன்னு ஆயிருமே. சுப்புத்தாய் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கா. நான் நிமிந்து நின்னு சொன்னேன், 'ஐ ஃபுல்லி ஷேர் தி கன்சர்ன் ஆஃப் தி ஆனரபிள் மெம்பர்.' ஆபீசர் என்னைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. இப்ப நெனச்சா, அவரு இன்னொரு தடவ தமிழ்ல கேக்கலாமான்னு யோசிச்சிருப்பாருன்னு தோணுது. நான் சிரிச்சேன். அவரு டைப் பொண்ணு பக்கம் திரும்பிட்டாரு.

அப்புறம் காகிதத்த நீட்டினாங்க. பக்கத்துக்குப் பக்கம் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். சுப்புத்தாய் பேனாவப் பிடிச்சுக்கிட்டு, "என்ன எழுதியிருக்குண்ணே? போடலாமா?"ன்னு கேட்டா. நான் பாத்தேன். என் வரி இருந்துச்சு வக்கீலம்மா. என் வரி, முழு வரி, ஒரு எழுத்து குறையாம, கவர்மெண்டுக் காகிதம் மாதிரி டைப் அடிச்சு. வேற எதையும் நான் பாக்கல. "எல்லாம் சரியா இருக்கு, போடு தாயி"ன்னேன்.

போட்டா.

அந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து மூணு நாள் சட்டைப்பையிலயே வச்சிருந்தேன். பாக்குறவங்ககிட்ட எல்லாம் காட்டினேன். மூணாம் நாள் டீக்கடையில ஹைஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் வாங்கிப் படிச்சாரு. படிச்சுட்டு மெதுவாக் கேட்டாரு, "சீனிராஜு, நீ யாரு பக்கம் பேசப் போன?"

அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இந்த வன்முறையக் கண்டிக்கிறேன்னு சுப்புத்தாய்க்காகப் பேச வந்தவனே சொல்லிட்டான்னா, வன்முறை நடந்துச்சுன்னு இவ ஆளே ஒத்துக்கிட்டான்னுதான அர்த்தம்? கேள்விக்கும் அவங்க கவலைய நான் முழுசாப் பகிர்ந்துக்கிறேன்னு பதில்.

ஆர்டர் வர இன்னும் இருபது நாள் இருந்துச்சு. அத உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இருபது நாள். மதுரைக்கு ஒரு பஸ் ஏறிப் போய், ஐயா எனக்கு விளங்காமச் சொல்லிட்டேன்யா, நடந்தது இதுதான்யான்னு அந்த மனுசன் கால்ல விழுந்திருக்கலாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன், ரெண்டு தடவ. விளங்கலன்னு சொல்லணுமே. அந்த ஒரு வார்த்தைதான் வாயில வரல.

டிஸ்மிஸ் ஆர்டர்ல என் வரியத்தான் போட்டிருந்தாங்க. மேனேஜர் அப்புறம் எந்த ரிட்டயர்மெண்டுலயும் என்னைப் பேசக் கூப்பிடல. நானும் எங்கயும் எந்திரிக்கல. ஊர்ல என்ன சொல்றாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பார்லிமெண்ட்டு வாயத் தெறந்தான், சுப்புத்தாய் வேலை போச்சு. சின்னப் பிள்ளைங்ககூடச் சொல்லுது. அவனவனுக்கு ஒரு வரி இங்கிலீஷ் வராது, என்னைச் சொல்றான். எனக்கு வார்த்தை தெரியும்மா! இப்பவும் கேளுங்க, ஐந்நூறு வார்த்தை சொல்றேன். நாலாவது பாராவ மட்டும் கொஞ்சம் மாத்த முடியாதா? கோர்ட்டு இங்கிலீஷ் தெரியாதுன்னு போடக்கூடாதா? இல்ல, காது சரியாக் கேக்கலன்னு? எனக்கு நெசமாவே இடது காது கொஞ்சம் மந்தம், மில்லுச் சத்தம்.

முடியாது.

சரி. முடியாதுன்னு நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். மில்லு வக்கீல் என்னைக் கூண்டுல வச்சு ஒரு கேள்வி இங்கிலீஷ்ல கேப்பாருன்னு சொல்றீங்க. சின்னக் கேள்வியாக் கேப்பாரு. நான் பெரிய வார்த்தையில பதில் சொன்னா, கேஸ் அங்கயே போச்சு. புரியலன்னு சொல்லணும். அத்தன பேரு முன்னால.

மணி என்ன? நாலு அம்பதா? அவ இன்னும் நிக்காளா? பாருங்க, அந்த இடத்த விட்டு ஒரு எட்டு நகரல. நிழல் அந்தப் பக்கம் போயிருச்சு, நிழலோட நகந்து நிக்கலாம்ல? அங்க இருந்து பாத்தா இந்த ஜன்னல் தெரியும். நான் பேனாவ எடுக்கிறேனான்னு பாக்கா.

கூப்பிட்டுப் பாருங்களேன் ஒரு தடவ. உங்க குரலுக்கு வருவா.

வரமாட்டேங்கிறாளா. சரி, விடுங்க. அவ வரவேண்டாம்.

இந்தாங்க காகிதம். பிடிங்க. நான் படிக்கல. இவ்வளவு நேரம் கையில வச்சிருந்தேனே தவிர ஒரு வரி படிக்கல. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருக்கும்னு சொன்னீங்கள்ல, தமிழ்ல படிச்சுக் காட்டி, விளங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாருன்னு? அத முதல்ல கேட்டதும் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இப்ப அது படியே செய்யுங்க.

அந்த ஜன்னல் கதவ நல்லாத் தெறந்து விடுங்க. கொக்கி இறுக்கமா இருக்கும், மேல தூக்கி இழுங்க. ம், அப்படித்தான். ஃபேன நிறுத்திருங்க, சத்தம் போடுது.

தமிழ்ல படிங்க. அன்னைக்கு அவ, "என்ன எழுதியிருக்குண்ணே?"ன்னு கேட்டா, நான் படிச்சுச் சொல்லல. இன்னைக்கு அவளுக்குக் கேக்கணும். கரண்டு கம்பம் வரைக்கும் கேக்குற மாதிரி படிங்க.

எங்க வீட்டம்மா அடுப்படியிலதான் இருக்கா, பரவாயில்ல. நாலாவது பாராவையும் அதே சத்தத்துலயே படிங்க.